கம்பெனிக்குச் சொந்தமான கை

"இந்த ருசி நிறுவனத்திற்குச் சொந்தமானது. ஒப்புமை தொண்ணூற்று நான்கு சதவீதம். சமையலை உடனே நிறுத்தவும்" என்றது, வாசனையை முகர்ந்தே ருசியைக் கணக்கிடும் வீட்டு அடுப்பு.

ஆரோக்கியதாஸ் நிறுத்தவில்லை. பதினாறு வருடம் அந்தக் கம்பெனியின் திருச்சிக் கடையில் சிக்கன் சாண்ட்விச் போட்டவர் அவர். அந்த மசாலாவைக் கூட்டியதே அவர்தான். வேலையை விட்ட அன்று அவருடைய கைப்பக்குவத்தைக் கம்பெனி தன் பேரில் எழுதி வாங்கிக்கொண்டது.

மனைவி மெர்சிக்கு அந்த சாண்ட்விச் என்றால் உயிர். நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த பிறகு டாக்டர் அதைத் தொடவே கூடாது என்றுவிட்டார். அதனால் இன்று ஆரோக்கியதாஸ் கோழியைத் தயிரில் ஊறவைத்து, அவல் பொடியில் புரட்டி, ஒரே ஸ்பூன் எண்ணெயில் தோசைக்கல்லில் போட்டிருந்தார். மயோனைஸுக்குப் பதில் பூண்டு தட்டிப் போட்ட கெட்டித் தயிர்.

"ஏங்க, மசாலாவைக் கொஞ்சம் மாத்திப் போட்டுடுங்களேன். எதுக்கு வம்பு?" என்றாள் மெர்சி.

"எண்ணெயை எடுத்தாச்சு, மைதாவை எடுத்தாச்சு. என் கையையும் எடுத்துட்டா அப்புறம் இதுல என்ன இருக்கு?"

"நிறுவன ஆய்வாளர் பத்து நிமிடத்தில் வருவார்" என்றது அடுப்பு.

அவர் கோதுமை பன்னுக்குள் கோழியை வைத்து நீட்டினார். மெர்சி ஒரு வாய் கடித்தாள். கண்ணை மூடிக்கொண்டு மென்றாள்.

"இன்னொண்ணு போடுங்க."

"உனக்கு ஒண்ணுக்கு மேல கூடாது."

"எனக்கில்ல, வர்ற ஆளுக்கு. தின்னு பாத்துட்டு, இது யாரு கைன்னு அந்த ஆளே சொல்லட்டும்."