கோட்டுக்கு வெளியே ஒரு பாஸ்

காலையிலிருந்தே இவனுக்கு முட்டி வலி. உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. வலது முட்டி. கோல் அடித்த கால்.

மேனேஜருக்கு எதற்கு முட்டி என்று டீமில் கிண்டல் செய்வார்கள். கத்துவதற்குத் தொண்டை போதும்.

துறைமுக லோடுமேன்கள் டீம். ஃபைனல். ஒன்றுக்கு ஒன்று. இன்னும் பத்து நிமிடம்.

வலது ஓரத்தில் தேசிங்கு ஓடிக்கொண்டிருந்தான். ஓட்டம் என்று சொல்ல முடியாது. காலை ஷிப்ட் முழுக்க மூட்டை தூக்கிவிட்டு வந்தவன். வயது முப்பத்தொன்பது.

மேனேஜரான இவன் ஸ்ட்ரைக்கராக இருந்த காலமெல்லாம் இவனுக்குப் பந்தைக் கொண்டுவந்து கொடுத்தவன். போஸ்டரில் இவன் படம்தான் இருக்கும். தேசிங்கு ஒரு ஃபைனலிலும் கோல் அடித்ததில்லை.

“இன்னிக்கு ஒண்ணு போட்டுட்டு ஷூவக் கழட்டிட்றேன்” என்று மதியம் சொல்லியிருந்தான்.

அவனைத்தான் வெளியே எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் கோப்பை போய்விடும்.

டீமுக்குப் பதினோரு ஜெர்சிதான். வெளியே வருகிறவன் கழற்றிக் கொடுத்தால்தான் உள்ளே போகிறவன் போட முடியும். மாற்றாள் வெறும் உடம்போடு கோட்டருகே நின்றான்.

இவன் ஆள் மாற்றக் கேட்டு ரெஃப்ரியைப் பார்த்துக் கையைத் தூக்கினான்.

பந்து அப்போது தேசிங்கின் காலில். நிமிர்ந்தான். தூக்கிய கையைப் பார்த்தான்.

கொடுத்துவிட்டான்.

கோட்டைத் தாண்டி, சரியாக இவன் நெஞ்சுக்கு.

இவனும் நெஞ்சில் வாங்கிக் காலில் இறக்கினான்.

அவுட். பந்து எதிர் டீமுக்கு.

மைதானமே சிரித்தது. “யோவ் மேனேஜர், நீ இன்னும் ரிடையர் ஆவலியா?”

தேசிங்கு நடந்தே வந்தான். ஜெர்சியைக் கழற்றினான். பிழிந்து மாற்றாளிடம் கொடுத்தான். பெஞ்சில் இவன் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கினான்.

“நீ கையத் தூக்குனா குடுத்துட்றேன்டா. இன்னா பண்ணச் சொல்ற.”

இவன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினான்.

பதினாறு வருடத்துக்கு முன்னால், இதே கோப்பை, கடைசி நிமிடம். எதிர் டீம் கோல்கீப்பர் கீழே கிடந்தான். பந்து இவன் காலில். காலி கோலுக்கு எதிரே தேசிங்கு தனியாக நின்றான். அவன் பக்கம் உருட்டிவிட்டால் போதும்.

இவன் உருட்டவில்லை. தானே அடித்தான். கோல்தான். தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். தூக்கியவர்களில் தேசிங்கும் ஒருத்தன்.

அந்த ஒரு பந்தை இவன் தேசிங்குக்கு இன்னும் கொடுக்கவில்லை.