இரும்புத் தூளில் எழுந்த கோடுகள்

ஜனவரி 14, புதன்.

சக்கர வேகத்தை அளக்கும் சென்சார் மீது பழி போட்டது என் தவறு. புதியது மாட்டிய பிறகும் மருத்துவச்சி கொனாடுவின் காரில் ஏ.பி.எஸ். விளக்கு அணையவில்லை.

ஓட்டிப் பார்த்தேன். ஸ்கேனரில் மூன்று சக்கரங்கள் வேகம் காட்டின. இடது முன்சக்கரம் மட்டும், உருண்டுகொண்டே, பூஜ்யம் காட்டியது.

கொனாடு பிரசவ வலி எடுத்தவர்களை ஏற்றிக்கொண்டு மாம்போங் சரிவில் இறங்குபவர். ஏ.பி.எஸ். வேலை செய்யாமல், பிரேக் மிதித்ததும் சரளையில் சக்கரம் இறுகிவிட்டால் ஸ்டீயரிங்கை ஒடித்தும் பயனில்லை. நேராகப் பள்ளம்தான்.

அந்தச் சக்கரத்துக்குப் போன வாரம் பேரிங் மாட்டியவள் நான். கருப்பு முகம் வெளியே பார்க்கும்படி வைத்தேன். ஹர்மட்டான் காற்று கொண்டுவரும் புழுதி உள்ளே போகாமலிருக்க எங்கள் பட்டறைகளில் எல்லோரும் அப்படித்தான் வைப்போம்.

சில பேரிங்குகளின் ஒரு முகத்தில் காந்தம் இருக்கும் என்று மாலை வகுப்பில் சொன்னார்கள். எழுதிக்கொண்டேன். நம்பினேனா, தெரியவில்லை.

அதே ரகத்தில் புதிய பேரிங் ஒன்றை எடுத்தேன். கிரைண்டருக்கு அடியில் கிடந்த இரும்புத் தூளை அள்ளினேன்.

"என்ன டீச்சரம்மா, பொடில புரட்டிப் பொரிக்கப் போறியா?" என்றான் என்னோடு வேலை செய்யும் போவாச்சி. மாலை வகுப்புக்குப் போவதால் எனக்கு அவன் வைத்த பட்டம் அது.

பளபளப்பான முகத்தில் தூள் வழுக்கி விழுந்தது.

கருப்பு முகத்தில் எழுந்து நின்றது.

சீப்பால் வாரியதுபோல், வட்டம் முழுக்க, மெல்லிய கோடுகள். ஊதினேன். கலைந்த தூள் மறுபடி அதே இடங்களில் போய் நின்றது.

போவாச்சி குனிந்து பார்த்தான்.

இந்தக் கோடுகளைத்தான் உள்பக்கம் இருக்கும் சென்சார் எண்ணுகிறது. நான் அவற்றைத் தெருவுக்குக் காட்டி வைத்திருக்கிறேன்.

கருப்பு முகம் உள்ளே பார்க்கும்படி புதிய பேரிங்கை மாட்டினோம். விளக்கு அணைந்தது. சரளையில் ஓட்டிச் சென்று பிரேக்கை ஓங்கி மிதிக்கக் கொனாடுவிடம் சொன்னேன். வண்டி ஸ்டீயரிங் திரும்பிய பக்கம் வளைந்து, சாதுவாக நின்றது.

"காலுக்கடியில படபடன்னு அடிச்சுதும்மா. எதையாவது உடைச்சிட்டேனா?" என்றார் கொனாடு.

இல்லை என்று தலையசைத்தேன். அந்தப் படபடப்புதான் ஏ.பி.எஸ். வேலை செய்வதன் அடையாளம்.

போன வியாழக்கிழமை இதே ரகப் பேரிங்கை, இதேபோல் கருப்பு முகம் வெளியே பார்க்க, இன்னொரு வண்டிக்கும் மாட்டினேன். அது பள்ளி வேன். அதன் எச்சரிக்கை விளக்கின் பல்பை யாரோ எப்போதோ கழற்றிவிட்டிருந்தார்கள். அதனால் யாரும் புகார் சொல்லி வரவில்லை.

நாளை: வேன் பிள்ளைகளை ஏற்றக் கிளம்பும் முன் ஓட்டுநர் வீட்டுக்குப் போய் அதை நிறுத்த வேண்டும்.