சேவலின் சாட்சி

"மனுஷியா, மெஷினா? அதை முதல்ல சொல்லு."

செபு நகரில் வீட்டிலிருந்தபடியே வங்கி வாடிக்கையாளர்களின் அழைப்புகளுக்குப் பதில் சொல்லும் ரோவேனாவுக்கு எரிச்சலாக வந்தது.

"மனுஷிதான் சார். காலையில பூண்டுச் சோறும் கருவாடும் தின்னேன், போதுமா?"

"மெஷினும் இதையேதான் சொல்லும்."

எழுந்து போய் ஜன்னலைத் திறந்தாள். "பக்கத்து வீட்டுச் சேவல் தொண்டை கிழியக் கத்துது. கேக்கலையா?"

"உன் குரலைத் தவிர ஒண்ணும் கேக்கலை."

எப்படிக் கேட்கும்? பின்னணிச் சத்தத்தை அழிக்கும் மென்பொருளைக் கம்பெனி போன வாரம்தான் போட்டிருந்தது.

"நான் வாடிக்கையாளர் இல்லம்மா, தொழிலாளர் துறை. மனுஷங்கதான் பேசணும்னு சட்டம். இங்க பேசுறது மெஷின்னு எழுதிட்டேன்."

"ஐயோ, என் வேலை போயிடும் சார்! நேர்ல வந்து என்னைப் பாருங்க!"

"நேர்ல வர எனக்கேது உடம்பு? நானும் உன்னை மாதிரி மெஷின்தானே!"