ஐந்தாவது பாட்டு

ஆல்பத்தில் மொத்தம் ஐந்து பாட்டு. நான்கு பாட்டின் வீடியோவிலும் ஆறுச்சாமியும் மகள் பிரீத்தியும் மகன் அஸ்வந்தும் பாடி ஆடினார்கள். சாந்தாமணி கேமராவுக்குப் பின்னால் குடை பிடித்தாள், பிளாஸ்க்கில் டீ சுமந்தாள்.

"உனக்கு கேமரா மூஞ்சி இல்ல புள்ள" என்பார் புருஷன்.

ஐந்தாவது பாட்டில் அவள் மட்டும்தான் என்றதும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. ஆறு மாத வயிற்றுவலிகூட மறந்துபோனது. வெறும் அல்சர்தான் என்று கோயமுத்தூர் டாக்டர் சொன்னதாக, ரிப்போர்ட் வாங்கப் போன அவர்தான் வந்து சொல்லியிருந்தார்.

தேயிலைச் சரிவில் கல்யாணப் பட்டு உடுத்தி நின்றாள்.

"அம்மா, திரும்பிப் பாத்துச் சிரி. அப்படியே பனிக்குள்ள நடந்து போயிரு" என்றாள் பிரீத்தி.

நடந்து போய்த் திரும்பி வந்தவள் கேட்டாள்: "ஏனுங்க, மத்த நாலுக்கும் தேதி குறிச்சாச்சு. என்ற பாட்டு எப்பங்க வரும்?"

"வரும் வரும். அவசரப்படாத."

களைப்பாக இருந்தது. ஜீப்பில் ஏறிக் கண்ணை மூடினாள். வெளியே கேமராக்காரரும் அதையேதான் கேட்டார்.

"டாக்டரு தை தாண்டாதுன்னுட்டாரு தம்பி" என்றார் ஆறுச்சாமி. "கருமாதியன்னிக்கு விட்டோம்னா, ஊரே அழுதுட்டே ஷேர் பண்ணும்."

பிரீத்தி ஜீப் கதவைத் திறந்தாள். "அம்மா, இன்னும் ஒரே ஒரு குளோசப். நேராப் பாத்துக் கொஞ்சம் சிரிச்சாப் போதும்."

சாந்தாமணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

"மாலை போட்டா மூஞ்சி மறையாத மாதிரி எடு, கண்ணு."