கடை ஓடுமா?

பூட்டிக் கிடந்த அரிசி மண்டியில் மதுக்கடை வரப்போகிறது என்று தெரிந்ததும் காகத்துக்குத் தலைகால் புரியவில்லை. கடை ஓடினால் வாசலெல்லாம் சுண்டலும் மிக்சரும் சிந்திக் கிடக்கும். எதிரே இருந்த புங்கமரத்தில் கூடு கட்டிவிடலாம். ஓடாவிட்டால்தான் அத்தனை உழைப்பும் வீண்.

"இந்தத் தெருவுல குடிக்கிறவங்க நாலே பேருண்ணே. கடை தாங்குமா?" என்று தெருநாயிடம் கேட்டது.

"இரு, பார்த்துட்டு வர்றேன்."

நாய் வாலை ஆட்டிக்கொண்டு வாசல் வாசலாக மோந்துகொண்டே போனது. ஆட்டோக்காரர் வேலாயுதத்தின் நீலக் கதவருகே மட்டும் நெடுநேரம் நின்றது. திரும்பி வரும்போது வால் ஆடவில்லை.

"நல்லா ஓடும். நீ கூடு கட்டு."

"எப்படிண்ணே சொல்றீங்க?"

"நீ குடிக்கிறவங்களை எண்ணுனே. நான் குடியை விட்டவங்களை எண்ணுனேன். ஏழு பேர். பழைய கடை ஊருக்கு வெளியே போனதாலதான் விட்டாங்க. வேலாயுதமும் அப்படித்தான்."

காகம் சந்தோஷமாகச் சுள்ளி பொறுக்கப் பறந்தது.

நாய் நீலக் கதவுக்கே திரும்பிப் போனது. வேலாயுதம் குடியை விட்ட பிறகுதான் அந்த வீட்டில் சோறு மிஞ்ச ஆரம்பித்திருந்தது. மிஞ்சியதை அவர் மகள் தினமும் ஒரு தட்டில் நாய்க்கு வைப்பாள். அன்று சோற்றோடு ஓர் எலும்பும் இருந்தது.

நாய் அதைத் தின்னவில்லை. கதவோரம் குழி தோண்டிப் புதைத்து வைத்தது.