ஒட்டாத காந்தம்

தட்டாஞ்சாவடி பட்டறையில் அஞ்சலாட்சி ஒரு ஸ்டெயின்லெஸ் போல்ட்டில் காந்தத்தை வைத்துப் பார்த்தாள். ஒட்டவில்லை.

“அப்ப இது நல்ல ஸ்டீல்தானேண்ணே?”

பட்டறைக்காரர் கமலக்கண்ணன் சிரித்தார். “குருசுக்குப்பத்துலேர்ந்து எல்லாரும் காந்தத்தோடதான் வர்றீங்கம்மா. 304, 316ன்னு ரெண்டு ரகம். ரெண்டுமே ஒட்டாது. கடலுக்கு 316தான் தாங்கும்.”

“304 போட்டா?”

“மேல பளபளன்னு இருக்கும். உப்பு உள்ள அரிச்சிடும். ஒருநாள் பட்டுனு முறியும். படகு சுக்கானுக்கா? எத்தினி வேணும்?”

“ஒண்ணும் வேணாம்ண்ணே. தெரிஞ்சிக்கத்தான் வந்தேன்.”

முந்தானை முடிச்சை அவிழ்த்து, முறிந்த போல்ட் ஒன்றை இரும்பு மேசைமேல் வைத்தாள்.

“எம்புள்ள வரல. படகு மட்டும் கரை ஒதுங்குச்சு. அதுல இருந்துச்சு இது. அவன் வெல கூடுனதத்தான் எடுத்தான். நான்தான் காந்தம் வச்சுப் பார்த்துட்டு, ரெண்டும் ஒண்ணுதான்டான்னு இத வாங்க வச்சேன்.”

அவள் கையிலிருந்து நழுவிய காந்தம் மேசையில் டக்கென்று ஒட்டிக்கொண்டது.