பட்டாபிராமன் பார்த்த நல்ல நாள்

“இன்னிக்கு அஷ்டமியாச்சே” என்றார் பட்டாபிராமன்.

இன்சூரன்ஸ் ஏஜெண்ட் ஞானமுத்துவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சிம்மக்கல்லிலிருந்து கோச்சடை வரைக்கும் மாசி வெயிலில் சைக்கிள் மிதித்து வந்திருக்கிறார். பையில் இன்சூரன்ஸ் பாரம் தயார். ஒரு கையெழுத்து, முதல் பிரிமியம், அவ்வளவுதான் பாக்கி.

இது இன்று நேற்று ஆரம்பித்த கூத்து இல்லை. போன ஆடியில் ஏஜெண்ட் ஆரோக்கியநாதன் பஸ்ஸில் அடிபட்டு இறந்துபோனார். மறு வாரமே, அவர் பேசி வைத்திருந்த ஆட்களையெல்லாம் ஞானமுத்து ஒரு சுற்றுப் பார்த்துவிட்டார். இந்தத் தொழிலில் சும்மா இருந்தால் வேறு எவனாவது கொத்திக்கொண்டு போய்விடுவான். எல்லோரும் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார்கள், இந்த ஹெட் கிளார்க் பட்டாபிராமன் ஒருத்தரைத் தவிர.

“ஆரோக்கியநாதன் பேசி வச்ச ஆளு நீங்கதானே சார்?” என்று கேட்டுக்கொண்டுதான் முதல் நாள் ஞானமுத்து உள்ளே நுழைந்தார்.

“நான்தான். ஆனா ஆடி மாசம் வேண்டாமே” என்றார் பட்டாபிராமன்.

சரி என்று ஆவணியில் வந்தால் கரிநாள். ஐப்பசியில் வந்தால் சந்திராஷ்டமம். மார்கழியில் நல்ல காரியம் தொடங்கக்கூடாதாம். ஒவ்வொரு தடவையும் அவர் மனைவி ஸ்யாமளா காபி மட்டும் தவறாமல் கொண்டுவந்து வைத்தாள். காபியைக் குடித்துவிட்டு மனசுக்குள் திட்டிக்கொண்டே திரும்பினார் ஞானமுத்து.

தை பிறந்ததும் புதிதாக ஒன்று கிளப்பினார் மனிதர். பாலிசி நம்பரைக் கூட்டினால் எட்டு வரக்கூடாதாம்.

அதையும் போய் ஆபீஸில் கேட்டார் ஞானமுத்து. கேட்டிருக்கவே கூடாது. அடுத்தடுத்து வரும் நம்பர் அது, ஆளுக்குத் தகுந்தாற்போல் தைத்துக் கொடுக்க முடியாது என்று சொல்லிச் சிரித்தார்கள். மார்ச் முடிவதற்குள் அவருக்கு இன்னும் ஒரே ஒரு பாலிசி வேண்டும். அது விழுந்தால் இந்த வருஷம் கிளையில் அவர்தான் முதல் ஏஜெண்ட். அதனால்தான் இவ்வளவு பொறுமை.

இன்று அந்தப் பொறுமையும் போய்விட்டது.

“சார், தப்பா நினைக்காதீங்க. பாரத்துல கையெழுத்துப் போட்டு, பணத்தைக் கட்டி, ஆபீஸ்ல ஏத்துக்கிட்டு நம்பர் போடணும். அதுக்கப்புறந்தான் உங்களுக்குப் பாதுகாப்பு. நீங்க நாள் பாத்துக்கிட்டே இருக்கையில ஏதாவது ஒண்ணு ஆகிப்போச்சுன்னா அம்மா கைக்கு நயா பைசா வராது. தெனம் பஸ்ல போய்ட்டு வாரீங்க.”

வாசற்படியில் நின்ற ஸ்யாமளா முகம் வாடி உள்ளே போனாள்.

“தெரியறது. பயமாத்தான் இருக்கு. ஆனாலும் நல்ல நாளா வரட்டுமே” என்றார் பட்டாபிராமன்.

பயமும் இருக்கிறது, பஞ்சாங்கமும் இருக்கிறது. இந்த ஆளை என்னதான் செய்வது? கோரிப்பாளையத்தில் ஒரு கடையில் ஞானமுத்து தானே ஒரு பஞ்சாங்கம் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். சிலுவை மாட்டிய வேதக்காரர் வீட்டில் இது எதற்கு என்று அவர் மனைவி கேட்டதற்கு எரிந்து விழுந்தார்.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மார்ச் முடிய அதிக நாள் இல்லை. அன்றைக்கும் அஷ்டமி, பொழுது சாய்ந்தால் நவமியும் வந்துவிடும் என்று பஞ்சாங்கத்தில் போட்டிருந்தது. நாளை, நாளை மறுநாள் என்று ஒன்றுமே சரியாக அமையவில்லை. ஆனது ஆகட்டும், ஆறு மணிக்கு ராகு காலம் முடிந்ததும் காலில் விழுந்தாவது கையெழுத்து வாங்கிவிடுவது என்று ஐந்து மணிக்கே போய்விட்டார். வாசலில் காத்திருக்கலாம்.

கதவு திறந்தே இருந்தது. உள்ளே மேஜைக்கு இந்தப் பக்கம் ஆரோக்கியநாதனின் மனைவி சகாயமேரி. அந்தப் பக்கம் பட்டாபிராமன், இன்சூரன்ஸ் பாரத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

“நம்பர் எப்படி வரும்னு எனக்கு இன்னும் சரியாத் தெரியல சார்” என்றாள் சகாயமேரி.

“எந்த நம்பர் வந்தா என்னம்மா? சீக்கிரம் வந்தாப் போதும்.”

வாசலில் நின்ற ஞானமுத்துவைப் பார்த்ததும் சகாயமேரி எழுந்து நின்றாள்.

“எனக்கு முதல் பாலிசிண்ணே. போன வாரந்தான் லைசென்ஸ் வந்துச்சு. அவரு பேசி வச்சிருந்த ஆளுக எல்லாரும் ஏற்கெனவே போட்டுட்டோம்னு சொல்லிட்டாக. சார் ஒருத்தர்தான் இம்புட்டு நாளாப் போடாம இருந்திருக்காக. என் அதிர்ஷ்டம்.”

அவள் பாரத்தைப் பத்திரமாகப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பினாள். தெரு முனை தாண்டட்டும் என்று காத்திருந்த ஞானமுத்து, அதற்குமேல் அடக்க முடியாமல் பையிலிருந்த பஞ்சாங்கத்தை எடுத்து மேஜையில் போட்டார்.

“ஆடியிலேர்ந்து என்னைய நாயா அலைய விட்டீங்க. இன்னிக்கு அஷ்டமி, இப்ப சுத்தமான ராகு காலம். இதுல மட்டும் எப்படி சார் கையெழுத்து விழுந்துச்சு?”

பட்டாபிராமன் பேனாவை மெதுவாக மூடினார்.

“ஆரோக்கியநாதன் பேசி வச்ச ஆளு நீங்கதானேன்னு கேட்டுண்டுதானே சார் வந்தேள்? அவர் பேசி வச்ச ஆள் அவர் குடும்பத்துக்குத்தானே? அந்தம்மா லைசென்ஸுக்கு எழுதிப் போட்டிருக்காள்னு கேள்விப்பட்டேன். அது வரவரைக்கும் உங்க மனசு நோகாம உங்களைத் திருப்பி அனுப்ப, எனக்குப் பஞ்சாங்கத்தை விட்டா வேற வழி தெரியலை.”